சலுகையன்று, கடமை

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி மன்றத்தார் பணித்தார்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் இம்மண்ணில் உழைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால், 2009ஆம் ஆண்டில் முடிந்த யுத்தம் நம்மவர் பலரிடமிருந்து உழைக்கும் கைகால்களைப் பறித்துக்கொண்டது. உழைக்கவேண்டும் என்ற மனம் மட்டும் அவர்களிடம் மிஞ்சி நிற்கிறது. அந்த மனத்துக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

என் நண்பர் ஒருவர் ஒரு காலை இழந்தவர், கணக்கிலே கெட்டிக்காரர். ஒரு கடைக்குக் கணக்கெழுதும் வேலை கேட்டுப் போனார். கணக்கறை மேல்மாடியில் இருந்தது. "தம்பி, நீர் நல்ல பிள்ளை. ஆனால் இந்தப் படியிலே நாளுக்குப் பத்துத்தரம் ஏறி இறங்க உம்மால் ஏலாதே" என்றார் முதலாளி. இரக்கத்தோடு கொஞ்சம் பணமும் நீட்டினார். நண்பர் அதை வாங்காமல் திரும்பினார். பின்னர் வேறொரு முதலாளி அவரை அதே வேலைக்கு எடுத்தார். மேசையையும் பேரேட்டையும் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தார். அவ்வளவே! இரண்டு பேர் மேசை தூக்கிய சிரமந்தான் அதற்கான செலவு.

அந்த மேசையை இறக்கிவைப்பதையே இன்று உலகம் "நியாயமான மாற்றம்" என்கிறது. பிரித்தானியா 1995ஆம் ஆண்டிலேயே இதனைத் தொழில்தருநரின் சட்டக் கடமையாக்கியது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயம், இத்தகைய மாற்றத்தை மறுப்பதே பாரபட்சம் என்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரச நிறுவனங்கள் தம் ஊழியருக்கு இதனைச் செய்தேயாகவேண்டும் என விதித்தது.

நம் நாட்டிலோ, அரச வேலைகளில் நூற்றுக்கு 3 வலதுகுறைந்தோருக்கு என 1988இல் சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும்போது உடற்குறையைக் காட்டி ஒருவரைத் தள்ளக்கூடாது என்றது; தள்ளப்பட்டவர் மேல் நீதிமன்றத்தை நாடவும் வழி வைத்தது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆயினும், வேலைத்தலத்தை மாற்றிக் கொடுக்கும் கடமை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்படவில்லை. கதவைத் திறந்த சட்டம் படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டது!

"இதெல்லாம் சிறிய முதலாளிக்குக் கட்டுமா?" என்று பெரியோர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்காகவே "நியாயமான" என்ற சொல் அங்கே நிற்கிறது. தாங்கமுடியாத பாரத்தை அது எவர் தலையிலும் ஏற்றுவதில்லை. காது கேளாதவருக்கு மணியோடு ஒரு விளக்கும் எரியட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசற்படியருகே ஒரு சாய்தளம் போடுவோம். காயத்துக்கு மருந்து கட்டப் போகிறவர், அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்யட்டும். பார்வையற்றவரின் கணினிக்கு எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. அதில் இலவசமாகக் கிடைப்பதும் உண்டு.

எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துவது நீதிபோலத் தோன்றும். ஆனால் ஒரே படிக்கட்டை எல்லோருக்கும் காட்டுவது, ஏற முடியாதவனுக்கு அநீதியாகவே முடியும்.

இளைஞர்களே! நாளை நீங்கள் கடை வைப்பீர்கள், ஆலை நடத்துவீர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் பொறுப்பேற்பீர்கள். வேலை கேட்டு வருபவரிடம், "உம்மால் ஏலுமோ?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "செய்வதற்கு நான் எதை மாற்றித் தரவேண்டும்?" என்றும் கேளுங்கள். விடை அவரிடமே இருக்கும். பெரியோர்களே! இன்றைய முதலாளிகள் நீங்களே. சட்டம் வந்து கட்டளையிடும்வரை காத்திராமல் உங்கள் மேசைகளைக் கீழே இறக்கிவையுங்கள்.