முன்பணத்துக்கு முன் அங்கீகாரம் பாருங்கள்
(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நல விளக்கக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் குடும்பங்களில் சேமிப்பு என்றால் இரண்டுதான். ஒன்று நகை, மற்றொன்று மனை. வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணமும், பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த நகையும் கடைசியில் ஒரு மனையில் போய் நிற்கின்றன. அந்த மனையில் வீடு கட்ட முடியாது என்று பிறகு தெரியவந்தால், அந்தக் குடும்பத்தின் இருபது வருட உழைப்பு முடங்கிப்போகிறது. ஆகவேதான் இன்று இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

“பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன பயம்?” என்று பலர் கேட்கிறார்கள். பத்திரம் வேறு, பட்டா வேறு, மனை அங்கீகாரம் வேறு. பத்திரம், இன்னார் இன்னாருக்கு விற்றார் என்று சொல்லும். பட்டா, வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்லும். அந்த நிலத்தை மனையாகப் பிரித்தது சட்டப்படிதானா என்பதை அங்கீகாரம் மட்டுமே சொல்லும். அது இல்லாவிட்டால் கட்டட அனுமதி கிடைப்பது கடினம், வங்கிக் கடனும் கடினம்.

இதற்கு அடிப்படை, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். விவசாய நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டுமானால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். சென்னைப் பெருநகர் பகுதியில் சி.எம்.டி.ஏ. அந்த ஒப்புதலைத் தரும். அதற்குப் பிறகுதான் ஊராட்சியோ, பேரூராட்சியோ, நகராட்சியோ இறுதி அனுமதி வழங்கும். இந்த இரண்டு படிகளும் வேண்டும். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது முதல் படி இல்லாமல் தலைவர் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்த காகிதமாக இருக்கலாம். அப்படியானால் அது அங்கீகாரம் ஆகாது.

அரசு ஏன் இவ்வளவு கேட்கிறது? மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய மனைப்பிரிவானால், சாலை நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சாலை விற்றவர் பெயரிலேயே கிடக்கும். சாலை போடு, சாக்கடை கட்டு என்று நாம் யாரிடம் போய்க் கேட்பது? இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பொது இடம் எல்லா மக்களின் ஹக்கு. நல்ல காரியத்துக்குத்தானே என்று மதரஸாவுக்காகக்கூட அதில் கை வைக்கக் கூடாது.

2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடி பதிவு செய்ய அதில் விலக்கு உண்டு. ஆகவே இன்று பத்திரம் ஆகிறது என்பதை மட்டும் வைத்து அங்கீகாரம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள்.

பழைய மனை வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. உரிய கட்டணம் உண்டு. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்நிலையிலும் புறம்போக்கிலும் போட்ட மனைக்கு இந்த வழி இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, ஒப்புதல் எண்ணுள்ள மனைப்பிரிவு வரைபடம். உங்கள் மனை எண் அதில் இருக்க வேண்டும். இரண்டு, உள்ளாட்சியின் இறுதி அனுமதி ஆணை. மூன்று, வில்லங்கச் சான்று. நான்கு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனைக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவானால் ரெரா பதிவு எண். தரகர் காட்டும் நகலோடு நின்றுவிடாமல், உரிய அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வேலையை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

விற்கும் சகோதரர்களுக்கும் தரகு பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் பட்டது. ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். மனையில் அங்கீகாரம் இல்லை என்பதும் அந்த ஈரம் போன்றதுதான். அதை மறைத்து வரும் லாபத்தில் பரக்கத் இருக்குமா? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் வலியுறுத்துகிறது. சொந்தக்காரர்தானே, நம்மவர்தானே என்று வாய்வார்த்தையில் முன்பணம் கொடுப்பதை விட்டுவிடுவோம்.

சந்தேகம் உள்ளவர்கள் காகிதங்களை நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று உடன் இருந்து சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். கட்டணம் எதுவும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்தை வழக்கில்லாததாகவும் ஹலாலானதாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.