கேப் போட்ட பல்லும் எதிர்ப் பல்லும்



"பால் பல்தானே, விழுந்து முளைக்கும். அதற்கு எதற்கு வைத்தியம்?" என்று பலர் கேட்கிறார்கள். முன் பல் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பல் அப்படி அல்ல. 10, 12 வயது வரை அதை வைத்துத்தான் பிள்ளை சோறு மெல்ல வேண்டும். அதனால்தான் சொத்தைப் பல்லை அடைக்கிறார்கள். சொத்தை பெரிதானால் கேப் மாட்டுகிறார்கள்.

சரி, அந்தப் பல் தப்பித்தது. அதற்கு நேர் எதிரே இருக்கும் பல்லை யாராவது பார்த்தீர்களா?

அம்மியை நினைத்துப் பாருங்கள். புதிதாகக் கொத்திய அம்மியில் மிளகாய் சீக்கிரம் மசியும். வழுவழுப்பான அம்மியில் மசியாது. வாயிலும் இதே கதைதான். கேப்போ அடைப்போ சொரசொரப்பாக இருந்தால் எதிர்ப் பல்லை அரைக்கும். பால் பல்லின் மேல் ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான் அதற்கு. அது தேய்ந்தால் உள்ளே மஞ்சள் தெரியும். மஞ்சள் பகுதி இன்னும் மென்மையானது. வேகமாகத் தேயும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். நரம்பு வரை போனால் வலிதான், வீக்கம்தான்.

எவர்சில்வர் கேப் பால் பல்லுக்கு 1950 முதல் வழக்கத்தில் உள்ளது. வழுவழுப்பானது. எதிர்ப் பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. ஆனால் பிள்ளை சிரித்தால் பளபளக்கும். பாட்டிக்குப் பிடிக்காது! வெள்ளைக் கேப் கேட்பார்கள். கேட்பது தப்பு அல்ல. சிர்கோனியா என்ற வெள்ளைக் கேப் மிகவும் கெட்டி. நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தால் பயம் குறைவு. அதை ராவிச் சரிசெய்துவிட்டு, மறுபடி பாலிஷ் போடாமல் விட்டால்தான் வம்பு.

கேப் போட்டதும் டாக்டர் கலர்த் தாளைக் கடிக்கச் சொல்வார். எங்கே இடிக்கிறது என்று அதில் தெரியும். ஆனால் மருந்தில் வாய் மரத்திருக்கும் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆகவே மறுநாள் வீட்டில் கேளுங்கள்: "கடித்தால் இடிக்கிறதா?" கொஞ்சம் இடித்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். வலித்தால் காத்திருக்க வேண்டாம்.

பால் பல் தானாகவும் கொஞ்சம் தேயும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பிள்ளைக்கு இன்னும் தேயும். எல்லாப் பழியையும் கேப் மேல் போட முடியாது. பயந்துபோய்ச் சொத்தையை அடைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேப் போட்ட தேதியையும், எந்தப் பல் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீங்களே எழுதுங்கள். 6 மாதம் கழித்துப் பல் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். எதிர்ப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.