காற்றுக்கும் சட்டக் கெடு வேண்டும்

(திண்டுக்கல் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலிக்குச் சட்டம் இருக்கிறது. வேலை நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றைச் சுத்தம் செய்ய மட்டும் கெடு வைத்த சட்டம் ஏன் இல்லை?

நம் ஜில்லாவின் தூசியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் பஞ்சுத் தூசி, பூட்டுப் பட்டறைகளில் அரத்தூள், செங்கல் சூளைப் புகை, குவாரிப் புழுதி, லாரிகளின் டீசல் கரி. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். தெரியாததுதான் ஆளைக் கொல்லும். தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் புற்றுநோயும் அதன் பின்னே வருகின்றன.

சர்க்கார் அளவு வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. 1981ம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின்படி 2009 நவம்பரில் அறிவித்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் வருஷ சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் சொன்னதோ 5! எட்டு மடங்கு வித்தியாசம். அது கிடக்கட்டும். அந்த 40ஐயாவது எந்தத் தேதிக்குள் எட்டவேண்டும், எட்டாவிட்டால் யார் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறதா? இல்லை.

2019 ஜனவரியில் தேசிய தூய காற்றுத் திட்டம் வந்தது. 2024க்குள் 20 முதல் 30 சதவீதம் குறைப்போம் என்றார்கள். பிறகு, 2026க்குள் 40 சதவீதம் என்றார்கள். திட்டம் வேறு, சட்டம் வேறு. ‘வேலை நேரத்தைக் குறைக்க முயற்சி செய்வோம்’ என்று முதலாளி சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மேலும், நகரங்களின் வேலையை 10 மைக்ரான் தூசியைக் கொண்டுதான் அளந்தார்கள், நுண்துகளைக் கொண்டல்ல. ரோட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் கணக்கு சரியாகும். சிம்னி புகைந்துகொண்டே இருக்கும்! திட்டத்தின் 131 நகரங்களில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இடம் பெற்றன, திண்டுக்கல் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அளவை மீறிப் புகை விட்டால் சிறை என்று இருந்ததை, 2023ல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். பெரிய முதலாளிக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி!

வெளிநாடுகளில் என்ன நடந்தது? 1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகே 1956ல் சட்டம் பிறந்தது. இன்று இங்கிலாந்து, 2040க்குள் நுண்துகள் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2023ல் சட்டக் கெடு வைத்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2024ல் அதே அளவுக்கு 2030 என்று நாள் குறித்தது. விதிமீறலால் உடல் கெட்டவர் நஷ்டஈடு கேட்கவும் உரிமை தந்தது.

‘அப்படியானால் மில்லையும் சூளையையும் மூடச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். பிழைப்பைப் பற்றிய கவலை நியாயமானது. மூடச் சொல்லவில்லை. கெடு முன்கூட்டியே தெரிந்தால் வடிகட்டிக்கும் புது உலைக்கும் அவகாசம் கிடைக்கும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. அதனால் மில் தொழில் அழிந்துவிடவில்லையே!

ஆகவே நாம் கேட்பது நான்கு: நுண்துகளுக்கு வருஷவாரியாகச் சட்ட இலக்கு; மில், சூளை, குவாரிப் பகுதிகளில் அளக்கும் கருவியும் தினசரி விவரமும்; இலக்குத் தவறினால் பதில் சொல்லும் அதிகாரியின் பெயர்; செலவு முதலாளிக்கு, கூலியில் கைவைக்கக்கூடாது.

1991ல் சுப்ரீம் கோர்ட், மாசற்ற காற்று வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. காற்று நம் நெஞ்சில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது நம் சங்கங்களின் வேலை. நாளை முதலே ஒவ்வொரு மில் வாசலிலும் இருமல், மூச்சுத்திணறல் உள்ளவர்களின் கணக்கை எடுக்கத் தொடங்குவோம். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குச் செல்வோம், தோழர்களே!