மாமியார் பெயர் எந்த ரேஷன் அட்டையில்?

(லால்பேட்டை குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதியுமுன், வீட்டுப் பெரியவங்க பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்குன்னு பாருங்க. ஒரே அடுப்பில் சமைத்தாலும், மாமியாருக்குத் தனி ரேஷன் அட்டை இருந்தால் உங்கள் காப்பீடு அவருக்கு உதவாது; அவருக்குத் தனியாகப் பதியணும். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு ஓடினால் நகைதான் அடகுக்குப் போகும்.

ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கடலூர் கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்க. ஆண்டுக்கு 5 லட்சம் என்பது குடும்பத்துக்கே சேர்த்து. அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். மாதாமாதச் சர்க்கரை மாத்திரைக்கு அரசு சுகாதார நிலையம்தான். 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காத மத்திய அரசு அட்டை 2024 அக்டோபரில் வந்தது, அதையும் விசாரிங்க. எந்த ஆஸ்பத்திரின்னு 1800 425 3993-ல் முன்கூட்டியே கேட்டுக்கோங்க.