வெறுப்பும் பரிவும்

ஆணாதிக்க மனப்பான்மைக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் இருவரும் 1996-இல் எடுத்துக்காட்டினர். அதை அளக்க 22 கூற்றுகள் கொண்ட வினாத்தாளையும் தயாரித்தனர். ஒரு முகம் வெளிப்படையான வெறுப்பு: சமத்துவம் என்று சொல்லிப் பெண்கள் சலுகை தேடுகிறார்கள், ஆண்களை ஆட்டிப்படைக்கப் பார்க்கிறார்கள் என்ற புகார். மற்றது பரிவு: பெண் தூய்மையானவள், மென்மையானவள், ஆண்தான் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் முடிவெடுக்கும் உரிமை காப்பவன் கைக்குப் போய்விடும்.

யாரிடம் எது மிகுதி என்பதில் அரசியல் மனப்பாங்குக்குப் பெரும் பங்கு உண்டு. வலதுசாரி, இடதுசாரி என்ற முத்திரை மட்டும் இதை விளக்கப் போதாது. நியூசிலாந்தில் ஆண்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வு இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டியது. உலகமே போட்டிக்களம், சிலர் மேலும் சிலர் கீழும் இருப்பதே இயல்பு என்று கருதுவோரிடம் வெறுப்பு வளர்கிறது. உலகம் ஆபத்தானது, மரபையும் அதிகாரத்தையும் விட்டால் எல்லாம் குலைந்துவிடும் என்று அஞ்சுவோரிடம் பரிவு வளர்கிறது. இந்தப் பரிவும் நிபந்தனைக்கு உட்பட்டதே. மரபை மீறாத பெண்ணுக்குத்தான் அது கிடைக்கும்.

சிந்திக்கும் முறையும் இதில் சேர்கிறது. குழப்பத்தைப் பொறுக்காமல், எதற்கும் உடனே உறுதியான விடை வேண்டும் என்று தவிப்போர் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்ற ஆயத்த முடிவைச் சட்டென்று பற்றிக்கொள்கிறார்கள். பெல்ஜிய ஆய்வாளர் ஆர்னே ரூட்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொடர்பு ஆண்களிடம் மட்டுமன்றிப் பெண்களிடமும் தெரிந்தது.

பரிவால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெல்ஜியத்திலேயே 2007-இல் வெளியான ஒரு சோதனையில், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களாகப் பாவித்துக்கொண்ட பெண்களுக்குத் தேர்வு வைத்தார்கள். பெண்களை ஏளனம் செய்யும் பேச்சைச் சிலர் கேட்டார்கள்; ஆண் ஊழியர்கள் கைகொடுத்து உதவுவார்கள் என்ற இதமான பேச்சை வேறு சிலர் கேட்டார்கள். இதமான பேச்சைக் கேட்டவர்களே மோசமாகத் தேர்வு எழுதினார்கள். ஏளனத்தை எதிர்த்து நிற்க முடிகிறது. பரிவோ ‘நம்மால் முடியுமா’ என்ற சந்தேகத்தை மனத்துக்குள் ஓடவிடுகிறது.

கிளிக்கும் ஃபிஸ்கும் பிற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஆண்களிடம் வெறுப்பு மிகுந்த நாடுகளில், பரிவு வகைக் கூற்றுகளைப் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டிருந்தனர். சில நாடுகளில் ஆண்களைவிடக் கூடுதலாகவே ஏற்றனர்.