வலிக்கிறது என்றால் நம்புங்கள்



மருத்துவப் பட்டம் பெறும் என் செல்வங்களே, வலி மருத்துவத்திலேயே என் வாழ்நாள் போயிற்று. இன்றும் வலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாணவியாக இருந்தபோது எங்கள் மயக்கவியல் பேராசிரியர் ஹென்றி பீச்சரைப் பற்றிச் சொன்னார். அன்று விடுதி மெஸ்ஸில் சோறு ஆறிப்போகும்வரை அதே பேச்சுதான். அமெரிக்க மயக்கவியல் மருத்துவரான பீச்சர், 1944-இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் படுகாயமுற்ற வீரர்களைக் கவனித்தார். எலும்பு நொறுங்கியவர்கள், வயிற்றில் குண்டு பாய்ந்தவர்கள். வலிக்கு ஏதாவது தரட்டுமா என்று கேட்டால், நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நரம்பு மரத்துவிட்டதா? அதே வீரர்கள், யாராவது ஊசியைத் தப்பாகக் குத்தினால் நம்மைப் போலவே கத்தினார்கள்! இனிப் போர்க்களம் இல்லை, உயிரோடு வீடு திரும்பப் போகிறோம் என்ற நிம்மதிதான் காரணம் என்று பீச்சர் கருதினார். 1946-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். நிம்மதி எப்படி வலியைக் குறைக்கும்? முதுகுத்தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் உண்டு, மூளையும் அதை இயக்குகிறது என்று ஆய்வாளர்களான மெல்சாக்கும் வாலும் 1965-இல் விளக்கினார்கள்.

இதன் மறுபக்கத்தை உங்கள் புறநோயாளிப் பிரிவில் பார்ப்பீர்கள். காயம் ஆறியிருக்கும், வலி போயிருக்காது. மஞ்சள் பை நிறைய எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் சுமந்துகொண்டு ஓர் அம்மா வருவார். மகள் கல்யாணக் கடனும் கணவரின் குடியும் எந்தப் படத்திலும் தெரியாது. ஆனால் தீராத கவலையும் கெட்டுப்போன தூக்கமும் நரம்பு மண்டலத்தை ஓய விடுவதில்லை. லேசாகத் தொட்டாலும் வலிக்கத் தொடங்குகிறது. அந்த வலி நிஜம். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பப்பட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்களைத்தான் நான் காலமெல்லாம் பார்த்தேன்.

புற்று, கிருமித்தொற்று, எலும்பு முறிவு இல்லையென்று உறுதிசெய்வது உங்கள் முதல் கடமை. அதில் சமரசம் கூடாது. அதற்காக ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. முதுகுவலியே இல்லாதவர்களை ஆராய்ந்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. அவர்களில் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது! "தேய்ஞ்சுபோச்சு, இனி குனியவே கூடாது" என்று நாம் போகிறபோக்கில் சொல்வது, நடமாடிக்கொண்டிருந்தவரைக் கட்டிலில் கிடத்திவிடும்.

2022-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு, இந்த வலியால் உடம்புக்கு ஆபத்தில்லை என்று உணரவைக்கும் உளச் சிகிச்சை நான்கு வாரம் தரப்பட்டது. அந்தப் பிரிவில் மூன்றில் இருவருக்கு வலி முற்றிலுமாகவோ ஏறக்குறையவோ நின்றது. 151 பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது.

பிள்ளைகளே, எங்கே வலிக்கிறது என்று கேட்கும்போதே, ராத்திரி தூங்கினீர்களா, வீட்டில் என்ன நிலைமை என்றும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.