மலைப்பாதையில் இன்ஜின் வலு குறைந்தால்

சித்தூரிலிருந்து திருப்பதி வழியாகத் திருமலைக்குப் போகும் கார்கள், 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாவது மலைப்பாதையில் ஏறுகின்றன. சமதளத்தில் தெரியாத இன்ஜின் கோளாறு இந்த ஏற்றத்தில் வெளிப்படும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் கார் வேகமெடுக்காமல், டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால், சென்சார் காட்டும் அளவில் பிழை கண்ட காரின் கணினி, இன்ஜினைக் காக்க வலுவைத் தானே குறைத்திருக்கலாம். அப்போது காரை ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட வேண்டும்.

காற்று, எரிபொருள், புகை என்ற வரிசையில் காரணம் தேடப்படுகிறது. அடைத்த ஏர் ஃபில்டர், கழன்ற டர்போ ஹோஸ், தண்ணீர் கலந்த எரிபொருள், பிஎஸ்-6 டீசல் கார்களின் கரித்துகள் வடிகட்டியில் அடைப்பு ஆகியவை வழக்கமானவை.

வாரண்டி உள்ள காரில் ஆதாரத்தைக் காப்பது முக்கியம். கோளாறின் கோட் எண்ணோடு அந்நேரத்து வேகம், இன்ஜின் சுழற்சி, வெப்பம் ஆகியவையும் கணினியில் பதிவாகும். வெளியாள் அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அப்பதிவு போய்விடலாம். விளக்கைப் படமெடுத்து, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, கோட் எண்ணை ஜாப் கார்டில் எழுதி வாங்க வேண்டும். டெக்னீஷியனை உடன் வைத்து ஏற்றத்தில் ஓட்டிக்காட்டுவது நல்லது.

தயாரிப்புக் குறைக்கு வாரண்டி உண்டு. கலப்பட எரிபொருளால் வந்த பழுதுக்குப் பொதுவாக இல்லை. ஆகவே பங்க் ரசீதுகளையும் சர்வீஸ் பில்களையும் பத்திரப்படுத்த வேண்டும். வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதற்கும் தீர்வில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.